ஓய்வுக்காலப் பணத்தைப் பார்த்துக்கொள்ளக் கட்டணம் கொடுத்து ஆள் வைக்கலாமா?

பணி ஓய்வு பெற்ற சில வாரங்களுக்குள் ஒருவருடைய வங்கிக் கணக்கில் அவர் வாழ்நாளில் அதுவரை மொத்தமாகப் பார்த்திராத ஒரு தொகை வந்து சேர்கிறது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். அதன் பிறகு தொலைபேசி ஓயாது. வங்கியின் உறவு மேலாளர் அழைப்பார். காப்பீட்டு முகவராக இருக்கும் உறவினர் பழத்தட்டோடு வீட்டுக்கு வருவார். "நீங்கள் நிம்மதியாக இருங்கள், பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று இன்னொருவர் அழகாக அச்சிட்ட கோப்பை நீட்டுவார். மூவரும் ஒரே உதவியைச் செய்ய வந்தவர்கள் போலத்தான் தெரியும். ஆனால் மூவருக்கும் கூலி வருகிற வழி வேறு வேறு. அந்த வழியைப் புரிந்துகொண்டால், ஆள் வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

பண நிர்வாகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, திரட்டிய பணத்தை எந்தப் பங்கில், எந்தக் கடன்பத்திரத்தில் போடுவது என்று அன்றாடம் முடிவெடுப்பது. இது நிதி மேலாளரின் வேலை. மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும்போது இதற்கான கூலியைச் செலவு விகிதம் என்ற பெயரில் தினமும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்கிறார்கள். தனியாக பில் வராது என்பதால் பலருக்கும் தாங்கள் கட்டணம் கட்டுவதே தெரிவதில்லை. இந்த வேலைக்கு எப்போதும் பெரும் செலவு ஆகும் என்றும் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் வழக்கமான திட்டங்களில் நிதி நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 0.1 சதவீதத்தைக்கூட எட்டாது. விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத நேரடி (டைரக்ட்) திட்டமாக வாங்கும் குறியீட்டு ஃபண்டுகள், அதாவது சென்செக்ஸ் போன்ற ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கும் ஃபண்டுகள், பலவற்றிலும் கட்டணம் 0.2, 0.3 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் உங்கள் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியையும் தொழில்முறை நிர்வாகிகள்தான் முதலீடு செய்துவந்தார்கள். ஆகவே, "தொழில்முறை நிர்வாகம் வேண்டும் என்றால் எங்களிடம் வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது, உங்கள் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு பணத்தைப் பத்திரமாக வைப்பது, எவ்வளவை வளரவிடுவது, எதை முதலில் எடுத்துச் செலவழிப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வது. இது ஆலோசகரின் வேலை. இந்தியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல விரும்புகிறவர், 2013-இல் வந்த விதிமுறைகளின்படி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். 2020-இல் விதிகள் மேலும் இறுகின. ஒரு குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குபவர், அதே குடும்பத்துக்குக் கமிஷன் பெற்று முதலீடுகளை விற்கக் கூடாது. வாடிக்கையாளரின் நலனையே முன்வைத்துச் செயல்பட வேண்டும் என்ற சட்டப் பொறுப்பும் அவருக்கு உண்டு.

மூன்றாவது, விற்பது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், காப்பீட்டு முகவர், வங்கியின் உறவு மேலாளர் ஆகியோர் இந்த வகை. உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்க மாட்டார்கள். பொருளை உருவாக்கிய நிறுவனம் அவர்களுக்கோ அவர்களுடைய வங்கிக்கோ கமிஷன் கொடுக்கும். அது கடைசியில் உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டிலும் இரண்டு வகைத் திட்டங்கள் உண்டு. ரெகுலர் திட்டத்தில் விநியோகஸ்தரின் கமிஷன் அடங்கியிருக்கும், டைரக்ட் திட்டத்தில் அது இருக்காது. இரண்டிலும் நிதி மேலாளர் ஒருவரே, வாங்கும் பங்குகளும் அவையே. பங்குச்சந்தை ஃபண்டுகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை இருக்கும்.

விநியோகஸ்தர்கள் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சிறு நகரங்களில் இருபது ஆண்டுகளாக ஒரே குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பி, கையெழுத்து மாறினால் அலைந்து திருத்தி, முதலீட்டாளர் இறந்துவிட்டால் பணத்தை மனைவி பெயருக்கு மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் முடிவில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் நேராக அந்த ஆறு மாதங்களில் விநியோகஸ்தருக்குச் சென்ற கமிஷன் ரூபாயில் அச்சிடப்பட்டிருக்கும். 2016 முதல் செபி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கட்டத்தை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை என்பதால் பெரும்பாலானோர் படிப்பதில்லை. இன்றே படித்துவிடுங்கள்.

ஒரு சதவீதம் என்பது எவ்வளவு?

"ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான் கட்டணம்." இந்த வாக்கியத்தைக் கேட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய்தானே என்றுதான் மனம் நினைக்கும். ஓய்வு பெற்றவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

60 லட்சம் ரூபாயோடு ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய், அதாவது மாதம் 5,000. அந்தப் பணத்திலிருந்து அவர் குடும்பச் செலவுக்கு மாதம் 25,000 எடுக்கிறார் என்றால், தன் மாத வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான தொகையைக் கட்டணமாகக் கொடுக்கிறார். மளிகைக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து ஆகிற செலவு அது. பலருக்கு மாத்திரைச் செலவைவிட அதிகம். கட்டணத்தை மொத்தத் தொகையோடு ஒப்பிடாமல் மாதம் கையில் எடுக்கும் பணத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. யாராவது சதவீதத்தில் கட்டணம் சொன்னால் உடனே ரூபாய்க்கு மாற்றிப் பன்னிரண்டால் வகுத்துவிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விட்ட குடும்பங்களுக்கு இது எளிதாகப் புரியும். வாரத்தில் உழுபவருக்கு விளைச்சலில்தான் பங்கு. விளையாத ஆண்டில் அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. சதவீதக் கட்டணம் அப்படிப்பட்டதல்ல. சந்தை விழுந்த ஆண்டிலும், வட்டி குறைந்த ஆண்டிலும் அது நிலத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும்.

வளரவிட்ட பணத்தில் இதன் விளைவு இன்னும் பெரியது. பத்து லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டுகளில் சுமார் 56 லட்சம் ஆகும். கட்டணம் போக 8 சதவீதம்தான் என்றால் 46.6 லட்சம். வித்தியாசம் ஏறத்தாழ 9.4 லட்சம்; நீங்கள் முதலில் போட்ட தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். சந்தை இந்த வேகத்தில் வளரும் என்று யாரும் உறுதி தர முடியாது. கட்டணம் என்ன செய்யும் என்பதைக் காட்டத்தான் இந்த எண்கள்.

சரி, அந்த ஒரு சதவீதத்துக்கு மேல் லாபம் ஈட்டித் தந்துவிட்டால் கொடுப்பதில் நஷ்டமில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தியாவின் பெரிய நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளில் பெரும்பாலானவை நீண்ட காலத்தில் குறியீட்டை முந்துவதில்லை என்றுதான் ஆண்டுதோறும் வரும் ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டிவருகின்றன. முந்துகிறவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லவும் வழியில்லை. கட்டணம் மட்டும் உறுதி.

ஒரு சாதாரணக் குடும்பத்தின் கணக்கு

58 வயதில் தனியார் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. வைப்பு நிதி 42 லட்சம், பணிக்கொடை 14 லட்சம், விடுப்புப் பணம் 4 லட்சம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து மாதம் 5,000 ரூபாய் வருகிறது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவர், ஓய்வுக்காலப் பலன்கள் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் கணக்குத் தொடங்கலாம். 2025-இல் இதற்கு வட்டி 8.2 சதவீதம். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுகளுக்கு மாறாது. 30 லட்சத்துக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500 என்று ஆகிறது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கணவனும் மனைவியும் கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீதம் வட்டியில் மாதம் 9,250 ரூபாய். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் மாத வரவு 34,750. இதுவரை போட்டது 45 லட்சம். அதற்கான நிர்வாகக் கட்டணம் எதுவும் இல்லை. அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒரு முற்பகல் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும்.

மீதம் 15 லட்சம். இதில் ஐந்து லட்சத்தை மருத்துவம் போன்ற அவசரத்துக்காக வங்கி வைப்பில் வைக்கிறார். வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியையும் சேர்த்து ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. எஞ்சியிருப்பது பத்து லட்சம்.

ஆக, ஆலோசனை வேண்டுமா என்ற கேள்வி இந்தக் குடும்பத்தில் 60 லட்சம் முழுவதற்கும் எழவில்லை, இந்தப் பத்து லட்சத்துக்குத்தான் எழுகிறது. மொத்தத் தொகைக்கும் ஒரு சதவீதம் கேட்கிறவரிடம் கையெழுத்துப் போட்டால், அஞ்சலகத்தில் தானாக வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும் பணத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்ததாகிவிடும். கட்டணம் எந்தப் பணத்துக்கு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குத் தவறான நிம்மதியைக் கொடுத்தவன் ஆவேன். இன்று 34,750 ரூபாய் போதும் என்கிற குடும்பத்துக்கு, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 70,000 தேவைப்படும். அஞ்சலக வட்டி அப்படி ஏறப்போவதில்லை. 58 வயதில் ஓய்வு பெற்றவரும் அவரைவிட நான்கைந்து வயது இளையவரான மனைவியும் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்வார்கள் என்று வைத்தே திட்டமிட வேண்டும். வரும் வட்டியில் எவ்வளவைச் செலவழிக்காமல் திரும்ப முதலீடு செய்வது, பத்து லட்சம் மட்டும் பங்குச்சந்தையில் இருந்தால் போதுமா, இருபது இருக்கலாமா, ஐந்தாண்டு முடிந்து மூத்த குடிமக்கள் திட்டம் முதிரும்போது என்ன செய்வது? பணம் கொடுத்து ஒரு நல்ல மூளையை உட்காரவைக்க வேண்டிய இடம் இதுதான். இவை ஓரிரு சந்திப்புகளில் பேசித் தீர்க்கக்கூடிய கேள்விகள். இவற்றுக்காக வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு பங்கை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

எதற்காகக் கொடுக்கலாம்?

லாபத்தைக் கூட்டித் தருவார் என்பதற்காக ஆலோசகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேறு மூன்று காரணங்களுக்காகக் கொடுக்கலாம். அவற்றில் கடைசியானதுதான் எனக்கு மிக முக்கியம்.

பயத்தில் எடுக்கும் முடிவைத் தடுக்க ஒருவர் தேவைப்படலாம். 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. குறியீட்டோடு ஒட்டி நகரும் ஃபண்டில் பத்து லட்சம் வைத்திருந்தவருக்கு அது ஏறத்தாழ 6.2 லட்சமாகத் தெரிந்திருக்கும். அன்று விற்று வெளியேறியவருக்கு அந்த நஷ்டம் நிலைத்துவிட்டது. 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. அசையாமல் இருந்தவரின் பணம் பத்து லட்சத்தைத் தாண்டி, சுமார் 11.9 லட்சமாக ஆகியிருந்தது. அந்த மார்ச் மாதத்தில் "விற்காதீர்கள், உங்கள் மாதச் செலவுக்கான பணம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது" என்று தொலைபேசியில் சொன்ன ஒருவர், பல ஆண்டுக் கட்டணத்தை அந்த ஒரு வாக்கியத்திலேயே திருப்பித் தந்துவிட்டார். தன்னைத்தானே அப்படிச் சொல்லி நிறுத்தக்கூடியவருக்கு இந்தச் செலவு வேண்டாம். சந்தை விழும் நாட்களில் தூக்கம் கெடுகிறவர் நீங்கள் என்றால், கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பணம் பல இடங்களில் சிதறிக் கிடப்பவர்களுக்கும் ஆலோசனை பயன்படும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், பூர்விகச் சொத்தை விற்றுப் பெரிய தொகை பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தங்கள் காலத்துக்குப் பிறகும் ஏற்பாடு செய்ய வேண்டிய பெற்றோர் ஆகியோருக்கு வரி, வாரிசுரிமை, அறக்கட்டளை என்று கணக்கு சிக்கலாகிவிடும். இங்கே தயங்காமல் செலவு செய்யலாம்.

மூன்றாவது காரணம், வீட்டில் பணக் கணக்கு ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது. நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த ஒருவர் கணவர். எந்த வங்கியில் எவ்வளவு, எந்தப் பத்திரம் எப்போது முதிர்கிறது, எந்தக் கணக்கில் யார் வாரிசுதாரர் என்பதெல்லாம் அவருடைய டைரியிலோ நினைவிலோ இருக்கும். மனைவிக்குச் சமையலறைச் செலவுக்கான ஏ.டி.எம். அட்டை மட்டும் தெரியும். அவர் திடீரென்று போய்விட்டால், பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த அம்மா இறப்புச் சான்றிதழின் நகல்களோடு அலுவலகம் அலுவலகமாக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர்களின் யோசனைகளும் விற்பனையாளர்களின் அழைப்புகளும் குவியும். "அத்தை, பணத்தைச் சும்மா வைத்திருக்காதீர்கள்" என்று தொடங்கும் பேச்சு அது. கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டம் போட்டு, ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, பின்னாளில் அந்த அம்மா தனியாக வந்தாலும் நிதானமாகப் பதில் சொல்லும் ஒரு ஆலோசகர் கிடைத்தால், அவருக்கு ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை கொடுப்பது வீண் செலவே அல்ல. ஆகவே ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் சந்திப்புக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு எதிரே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

ஆலோசகர்கள் இரண்டு விதமாகக் கட்டணம் வாங்கலாம்: நிலையான தொகை, அல்லது ஆலோசனை பெறும் பணத்தில் ஒரு சதவீதம். இரண்டுக்கும் செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிலையான தொகை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; சதவீதம் என்றால் 2.5 வரை. உச்சவரம்பு என்பது நியாயமான விலை அல்ல. 60 லட்சத்துக்கு 2.5 சதவீதம் என்றால் மாதம் 12,500 ரூபாய்! மேலே சொன்ன குடும்பத்தின் மாத வரவில் மூன்றில் ஒரு பங்கை விடவும் அதிகம்.

ஓய்வு பெற்றவருக்கு நிலையான தொகைதான் ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன். ஒருமுறை முழுத் திட்டத்துக்கு ஒரு தொகை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ சரிபார்க்கச் சிறிய தொகை என்று பேசிக்கொள்ளலாம். சதவீதக் கட்டணத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகளுக்கு வீடு வாங்க உதவலாமா, வீட்டுக்கடனை அடைத்துவிடலாமா என்று கேட்டால், பணம் வெளியே போனால் தன் வருமானமும் குறைகிற ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லவரையும் அந்த இடத்தில் நிறுத்தாமல் இருப்பதே மேல்.

சேரும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். செபியின் இணையதளத்தில் அந்தப் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால் அவர் விநியோகஸ்தர், ஆலோசகர் அல்லர். என்னுடைய பணத்தால் உங்களுக்கு வேறு யாரிடமிருந்தாவது வருமானம் வருமா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்துவிடலாம். பணத்தைத் தன் கணக்குக்கோ தன் நிறுவனத்தின் கணக்குக்கோ மாற்றச் சொல்லும் ஆலோசகரிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். அவருக்குப் போக வேண்டியது கட்டணம் மட்டுமே. முதலீடு உங்கள் கணக்கிலிருந்து உங்கள் பெயரில்தான் போக வேண்டும். வருமானத்துக்கு உத்தரவாதம் தருவதும் விதிமீறல். பிரச்சினை வந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். பதிவில்லாதவரிடமும் வாட்ஸ்அப் குழுக்களிடமும் ஏமாந்தால் இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவை என்று ஒன்று விற்கப்படுகிறது; பெரிய தொகை வைத்திருப்பவருக்குத் தனியாகப் பங்குகளை வாங்கி விற்று நிர்வகித்துத் தருவது அது. குறைந்தபட்ச முதலீடே 50 லட்சம். கட்டணம் இரண்டு சதவீதத்தை ஒட்டியும், சில இடங்களில் அதோடு லாபத்தில் பங்காகவும் இருக்கும். சில கோடிகள் வைத்திருப்பவர் ஒரு பகுதியை அதில் போட்டுப் பார்க்கலாம். வாழ்நாள் சேமிப்பே 60 லட்சம் என்கிறவர் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

வங்கியில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மிக அதிகமாகப் பணம் கசிவது அங்கேதான். வைப்பைப் புதுப்பிக்கப் போனவரைக் குளிரூட்டிய அறைக்குள் அழைத்து, காபி கொடுத்து, "எஃப்.டி.யில் ஏழு சதவீதம்தான் சார், இதில் ஐந்து லட்சம் போடுங்கள், நல்ல லாபம்" என்பார்கள். கையெழுத்திட்டது ஆயுள் காப்பீட்டு பாலிசி என்பது அடுத்த ஆண்டு இரண்டாவது ஐந்து லட்சத்தைக் கேட்டு நினைவூட்டல் வரும்போதுதான் தெரியும். எனவே எந்தத் தாளிலும் "பிரீமியம் செலுத்தும் காலம்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இருந்தால் அது காப்பீடு. எதிரே பத்து ஆண்டுகள் என்று இருந்தால் பத்து முறை கட்ட வேண்டும். பயன் விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்குகள் இருக்கும். இரண்டுமே அனுமானம், வாக்குறுதி அல்ல. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தங்கள் போக, பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த 30 நாட்களுக்குள் மகனிடமோ மகளிடமோ பாலிசியைக் காட்டிவிடுங்கள்.

ஆலோசகரே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவருக்கு ஒரு எச்சரிக்கை. கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வட்டி கூடுதலாகத் தரும் இடத்தை மட்டும் தேடிப் போகக் கூடாது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கிய நிறுவனம். அந்தப் பழமையையே நம்பிப் பல முதியவர்கள் பணம் போட்டிருந்தார்கள். முதிர்வுத் தொகை கிடைக்கவில்லை என்று புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். வங்கிகளுக்குள்ள வைப்புக் காப்பீடு இப்படிப்பட்ட நிதி நிறுவனங்களுக்குக் கிடையாது.

ஏற்கெனவே ரெகுலர் திட்டத்தில் இருப்பவர்கள்

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் டைரக்ட் திட்டத்துக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வரிச் சட்டத்தின் பார்வையில் விற்று வாங்குவதுதான். பங்குச்சந்தை ஃபண்டுகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். எனவே ஒவ்வொரு நிதியாண்டிலும் அந்த வரம்புக்குள் லாபம் அமையும் அளவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு வரலாம். வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றத் தொடங்குவதற்கு முன் அந்த அரையாண்டு அறிக்கையில் உள்ள கமிஷன் தொகைகளைக் கூட்டி, உங்கள் விநியோகஸ்தரைச் சந்தித்து, ஆண்டுக்கு இவ்வளவு உங்களுக்கு என் பணத்திலிருந்து வருகிறது, இனி எனக்கு என்னென்ன செய்து தருவீர்கள் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து கணக்கைச் சரிபார்ப்பேன், உங்கள் துணைவிக்கும் எல்லாவற்றையும் விளக்குவேன் என்று அவர் சொல்லி, அதைச் செய்தும் காட்டினால், அவரிடமே தொடரலாம்.